ஐந்து மில்லிமீட்டர் சதுரத்துக்குள் ஒரு டிரான்ஸீவர்

2020-இல் வந்த ஐபோன் 12-ஐ அமெரிக்காவில் வாங்கியவர்கள் அதன் வலது விளிம்பைப் பார்த்தால், பவர் பட்டனுக்குக் கீழே மாத்திரை வடிவில் ஒரு சிறு பட்டை தெரியும். அந்த இடத்தில் மட்டும் உலோகச் சட்டத்தை வெட்டி, ரேடியோ அலை ஊடுருவக்கூடிய பொருளால் அடைத்திருக்கிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ விற்ற அதே மாடலில் அது கிடையாது. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் 2019 ஏப்ரலில் சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் 28 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கைபேசி 5ஜி சேவையைத் தொடங்கியிருந்தது. அந்த அலைகளால் உலோகத்தைத் தாண்ட முடியாது. குறுக்கே ஒரு உள்ளங்கை வந்தாலே தடுமாறிவிடும். அதனால்தான் அவற்றுக்கென்று தனியாக ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் வரிசையாகச் சில சிறு ஆண்டெனாக்கள், அவற்றின் முதுகில் ஒட்டியபடி ஒரு சிப். இந்தக் கூட்டமைப்பைத்தான் ஃபேஸ்டு அரே டிரான்ஸீவர் என்கிறார்கள். டிரான்ஸீவர் என்பது சைகையை அனுப்பவும் பெறவும் செய்யும் சுற்று, அரே என்பது ஆண்டெனா வரிசை, ஃபேஸ் என்பது அலை தன் சுழற்சியில் நிற்கும் கட்டம்.

ஃபேஸ்டு அரே பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் "ஆண்டெனாவை அசைக்காமலே ரேடியோ கற்றையைத் திருப்பலாம்" என்று வியந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. கற்றையைத் திருப்புவது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த வித்தை. ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-இல் மூன்று ஆண்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தி, அவற்றுக்குப் போகும் சைகையின் நேரத்தைச் சற்றே மாற்றி, அலையை வேண்டிய பக்கம் அனுப்பிக் காட்டினார். 1909-இல் மார்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். இன்று பொறியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு. ஒரு முழு டிரான்ஸீவரை அலைநீளத்தில் பாதி அளவே உள்ள ஒரு சதுரத்துக்குள் அடக்க வேண்டும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அறுபதோ நூறோ ஆயிரமோ அடுக்க வேண்டும். அடுக்கியது உருகிவிடாமலும் இருக்க வேண்டும். எப்படி?

இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஏன் போனார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். இடம் அங்கேதான் காலியாக இருந்தது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசை கிடைப்பதே பெரிய விஷயம். 28 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 400, 800 மெகாஹெர்ட்ஸ் என்று அள்ளிக்கொள்ளலாம். சாலை அகலமானால் அதே நேரத்தில் அதிகத் தரவு போகும்.

ஆனால் உயர் அதிர்வெண் அலைகள் தூரம் போகாது என்று எல்லோரும் சொல்கிறார்களே? இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. 28 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்று விழுங்கிவிடுவதில்லை. மழை இல்லாத நாளில் ஒரு கிலோமீட்டருக்குக் காற்றினால் வரும் இழப்பு 0.1 டெசிபல் அளவுதான் (டெசிபல் சக்தியின் மடங்கைச் சொல்லும் அளவு: 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு). கனமழையில் இது பல டெசிபலாக ஏறும். ஆனால் செல் தளங்கள் இருநூறு மீட்டர் இடைவெளியில் இருந்தால் அதையும் சமாளித்துவிடலாம். சுவரும் மரமும் மனித உடலும்தான் நிஜமான தடைகள். இவை எதுவும் குறுக்கே வராத வெட்டவெளியிலும் 2.8 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 28 கிகாஹெர்ட்ஸில் நூறில் ஒரு பங்கு சக்திதான் வந்து சேரும் என்று, ஓர் ஆண்டெனாவிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சக்தி போய்ச் சேரும் எனக் கணிக்கும் ஃப்ரிஸ் சமன்பாடு சொல்கிறது. இந்த நூறு மடங்கு எங்கே தொலைந்தது? ஆண்டெனா சுருங்கியதில் தொலைந்தது. அதிர்வெண் பத்து மடங்கானால் ஆண்டெனாவின் நீளமும் அகலமும் தலா பத்தில் ஒன்றாகின்றன. அது அலையை ஏந்தும் பரப்பு நூறில் ஒன்றாகிறது. பழைய ஆண்டெனா இருந்த அதே இடத்தில் இப்போது நூறு சிற்றாண்டெனாக்களை வைக்கலாம் என்பதும் இதன் மறுபக்கம்தான். அப்படி வைத்து, நூறும் பிடித்ததைச் சரியாகச் சேர்த்துவிட்டால் தொலைந்தது முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். அனுப்பும் பக்கத்திலும் அதே வேலையைச் செய்தால் பழைய கணக்கைவிட லாபம்கூட வரும்.

இந்தச் சமன்பாட்டை 1946-இல் எழுதிய ஹரால்டு ஃப்ரிஸ்தான், 1937-இல் சக பொறியாளர் ஃபெல்ட்மனோடு சேர்ந்து, பெல் ஆய்வகத்தின் ஹோம்டெல் வளாகத்தில் ஆறு பெரிய ஆண்டெனாக்களை வரிசையாக நட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் சிற்றலையை ஃபேஸ் மாற்றிப் பிடிக்கும் ஓர் அமைப்பை விவரித்தவர். அந்த வரிசை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. ரேடார் உலகம் ஃபேஸ்டு அரேயைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு முன்பே அது தகவல் தொடர்புக்குப் பயன்பட்டது என்பதற்கு இதுவே சாட்சி. இடையில் வந்த அரை நூற்றாண்டில் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஆண்டெனாவுக்குப் பின்னாலும் விலையுயர்ந்த காலியம் ஆர்சனைடு மாட்யூல் ஒன்று உட்கார்ந்திருக்க, முழு அரேயின் விலையைக் கொடுக்க அரசாங்கங்களால்தான் முடிந்தது.

ஃபேஸ் கணக்கு எளிது. இரண்டு ஆண்டெனாக்கள் அரை அலைநீள இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே கற்றை போக வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே ஃபேஸில் சைகையைக் கொடுக்க வேண்டும். 30 டிகிரி சாய வேண்டுமானால் அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கு இடையே 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் வைக்க வேண்டும். எட்டு ஆண்டெனாக்கள் வரிசையாக இருந்தால் 0, 90, 180, 270 என்று சுற்றிக்கொண்டே போகும். கற்றையின் அகலமும் எண்ணிக்கையைப் பொறுத்தது: எட்டு இருந்தால் சுமார் 13 டிகிரி, பதினாறு இருந்தால் அதில் பாதி.

இடைவெளி ஏன் அரை அலைநீளம்? அதைவிடத் தள்ளித் தள்ளி வைத்தால், கற்றையைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது நாம் கேட்காத இன்னொரு திசையிலும் அதே வலிமையோடு ஒரு போலிக் கற்றை முளைத்துவிடும். பாதிச் சக்தி வேண்டாத வீட்டுக்குப் போகும். நெருக்கி வைத்தால் ஆண்டெனாக்கள் ஒன்றின் சைகையை இன்னொன்று உறிஞ்சும். பின்னால் இருக்கும் மின்சுற்றுக்கும் இடம் போய்விடும். ஆகவே அரை அலைநீளமோ அதற்குச் சற்று மேலோதான் சரி. 28 கிகாஹெர்ட்ஸில் அது 5.35 மில்லிமீட்டர்.

இந்த ஓர் எண்தான் வடிவமைப்பு முழுவதையும் ஆட்டி வைக்கிறது. ஒரு சதுரத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 29 சதுர மில்லிமீட்டர். சட்டைப் பித்தான் ஒன்றின் பரப்புகூட இதைவிட அதிகம். இதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். அனுப்பும் பாதையில் ஃபேஸை மாற்ற ஒரு ஃபேஸ் ஷிஃப்டர், வலிமையைக் கூட்டிக் குறைக்க ஒரு மாறும் ஆம்ப்ளிஃபயர், கடைசியில் பவர் ஆம்ப்ளிஃபயர். பெறும் பாதையில் இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர், மறுபடியும் மாறும் ஆம்ப்ளிஃபயர், ஃபேஸ் ஷிஃப்டர். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் இடையே மாற ஒரு சுவிட்ச். இன்றைய ஆண்டெனாக்கள் அலை கிடைமட்டமாக அதிர்வது, செங்குத்தாக அதிர்வது என இரு துருவங்களிலும் இயங்குவதால் இது எல்லாமே இரண்டிரண்டு. இவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் தடங்கள், கட்டளை கொண்டுவரும் தடங்கள், எல்லா ஆண்டெனாக்களையும் இணைக்கும் கிளைப் பாதைகள் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில், சூடு வெளியேற ஒரு வழி.

இதைச் சிலிக்கானில் செய்ய முடியும் என்று உலகம் நம்பத் தொடங்கியது 2004-இல். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் அலி ஹஜிமிரியின் குழு, எட்டு ஆண்டெனாக்களுக்கான 24 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை ஒரே சிலிக்கான்-ஜெர்மானியம் சிப்பில் செய்து காட்டியது. அவர்கள் தேர்ந்தெடுத்த வழி இன்றும் சுவாரசியமானது. சைகையின் பாதையில் கையே வைக்கவில்லை. 19.2 கிகாஹெர்ட்ஸில் சீரான அலையை உண்டாக்கும் ஓர் உள் ஆஸிலேட்டரிலிருந்து பதினாறு வெவ்வேறு ஃபேஸ்களை எடுத்து, சைகையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் மிக்ஸர் ஒவ்வோர் ஆண்டெனாவிலும் இருக்க, அதற்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். மிக்ஸருக்குள் போகும் ஆஸிலேட்டர் அலையின் ஃபேஸ் மாறினால் வெளிவரும் சைகையின் ஃபேஸும் அதே அளவு மாறும். சைகை பலவீனமாகாது, இரைச்சலும் ஏறாது.

அப்படியானால் எல்லோரும் அந்த வழியிலேயே போயிருக்கலாமே? ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் ஒரு மிக்ஸர் வேண்டும். ஆஸிலேட்டரின் உயர் அதிர்வெண் அலையை எல்லா மிக்ஸர்களுக்கும் பிசகாமல் கொண்டுசெல்ல வேண்டும். எட்டுக்குச் சரி, அறுபத்து நான்குக்குப் போனால் அந்த விநியோகமே பெரும் மின்சாரம் தின்னும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கெனிச்சி ஒகாடாவின் குழு இந்த வழியில் நல்ல துல்லியம் காட்டியிருக்கிறது என்றாலும், தொழிற்துறையில் பெரும்பாலோர் நேரடியாக ரேடியோ அலையிலேயே ஃபேஸை மாற்றும் வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அதில் எல்லா ஆண்டெனாக்களின் சைகையும் முதலில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரே ஒரு மிக்ஸர் போதும். வேண்டாத திசையிலிருந்து வரும் குறுக்கீடும் சேரும் இடத்திலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மிக்ஸருக்கு வேலை லேசாகிறது. விலையாகக் கொடுப்பது, சைகையின் பாதையிலேயே உட்காரும் ஃபேஸ் ஷிஃப்டரின் இழப்பு. மூன்றாவது வழி, ஒவ்வொரு ஆண்டெனாவின் சைகையையும் தனித்தனியே எண்களாக்கி, ஃபேஸ் வேலையைக் கணினிக் கணக்காகச் செய்துவிடுவது. கற்றை எத்தனை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்பதால் கொள்கையளவில் இதுதான் சிறந்தது. ஆனால் 400 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சைகையை எண்ணாக்கும் மாற்றிகளை அந்த 29 சதுர மில்லிமீட்டருக்குள் அடக்கிச் சூடேறாமல் ஓட்டுவது 28 கிகாஹெர்ட்ஸில் இன்னும் சுமைதான். எனவே களத்தில் இருப்பவை கலப்பு அமைப்புகள்: நூற்றுக்கணக்கான ஆண்டெனாக்களைச் சில குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் அனலாக் ஃபேஸ், குழுக்களுக்கு மேல் டிஜிட்டல் கணக்கு.

இவற்றை ஆய்வகத்திலிருந்து சந்தைக்குத் தள்ளிய இரண்டு வேலைகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, 2017 பிப்ரவரியில் ஐபிஎம்மும் எரிக்சனும் சேர்ந்து அறிவித்த 28 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல். நான்கு சிப்கள், அவற்றின் மேலேயே பொதிந்த 64 இரட்டைத் துருவ ஆண்டெனாக்கள், சிப்புக்கு 32 டிரான்ஸீவர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கற்றைகள், 1.4 டிகிரி நுணுக்கத்தில் திருப்பும் வசதி. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இன்னொன்று, சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ரெபெய்ஸ் முன்னெடுத்த வழி. பெரிய சிப் வேண்டாம். நான்கு ஆண்டெனாக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னச் சின்ன சிப்களைச் சாதாரண சர்க்யூட் போர்டில் அடுக்குங்கள், எத்தனை வேண்டுமோ அத்தனை. நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் சிப் உட்காரும். நான்கு ஆண்டெனாக்களுக்கும் பாதை சம நீளத்தில் குட்டையாக இருக்கும். ஆண்டெனாவுக்கும் சிப்புக்கும் இடையே ஒரு டெசிபல் இழந்தாலே உழைத்து உண்டாக்கிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு பலகையிலேயே சூடாகப் போய்விடும். எனவே பாதை சில மில்லிமீட்டர் குறைவதே மிகப் பெரிய லாபம். செல் தளங்களில் இருக்கும் பேஸ் ஸ்டேஷன்களில் இந்த நான்குக்கொன்று முறை பரவியதற்கு அதன் எளிமையும் விலையும்தான் காரணம்.

இனி சக்திக் கணக்கு. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் அழகும் அவஸ்தையும் ஒருங்கே இருப்பது இங்கேதான். ஓர் ஆம்ப்ளிஃபயர் 10 மில்லிவாட் கொடுக்கிறது என்று கொள்வோம். 64 ஆம்ப்ளிஃபயர்கள் மொத்தம் 640 மில்லிவாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்குக்கூடப் போதாது. ஆனால் தேர் வடத்தை எத்தனை பேர் பிடித்தாலும் ஒரே மூச்சில் இழுக்கும்போதுதான் தேர் நகரும் என்பதுபோல, 64 அலைகளும் ஒரே ஃபேஸில் சேரும் திசையில் அவற்றின் வீச்சு கூடுகிறது. சக்தியோ வீச்சின் வர்க்கம். ஒவ்வோர் ஆண்டெனாவும் தன் பங்குக்கு 5 டெசிபல் ஆதாயம் தந்தால், கற்றையின் நடுவில் நிற்பவருக்கு அந்த 640 மில்லிவாட் எல்லாத் திசையிலும் பரப்பும் சுமார் 130 வாட் டிரான்ஸ்மிட்டரைப்போலத் தெரியும். தொலைந்துபோன அந்த நூறு மடங்கு இப்படித்தான் திரும்பி வருகிறது. பெறும் பக்கத்தில் சைகைகள் இதேபோலச் சேர, ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் தன்போக்கில் தனித்தனியே திரிவதால் அது அவ்வளவு வேகமாக ஏறாது. 64 ஆண்டெனாக்களுக்கு சைகை-இரைச்சல் விகிதம் 64 மடங்கு மேம்படும்.

அவஸ்தை ஆம்ப்ளிஃபயரின் செயல்திறனில் இருக்கிறது. 5ஜி சைகை என்பது நூற்றுக்கணக்கான துணை அலைகளின் கூட்டு. பெரும்பாலான நேரம் அடங்கியிருக்கும், திடீரென்று உச்சத்துக்கு எகிறும். அந்த உச்சத்தையும் சிதைக்காமல் அனுப்ப வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரை அதன் முழுத் திறனுக்கு எட்டு, பத்து டெசிபல் கீழே ஓட்ட வேண்டும். உச்சத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் செயல்திறன் காட்டும் சிலிக்கான் ஆம்ப்ளிஃபயர், சராசரி ஓட்டத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். பத்து சதவீதம் என்றே எடுத்துக்கொண்டால், 640 மில்லிவாட் வெளியே போக 6.4 வாட் உள்ளே வர வேண்டும். அதில் 5.8 வாட் வெறும் சூடு. இரண்டு துருவத்துக்கும் சேர்த்து இரட்டிப்பு. மற்ற சுற்றுகளின் சூடு தனி. அத்தனையும் நாலரை சென்டிமீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர் பலகையில் வந்து குவிகிறது. அதன் முன்பக்கம் முழுக்க ஆண்டெனா என்பதால் அந்தப் பக்கம் சூடு தணிக்கும் தகடு வைக்க முடியாது. எல்லாமே முதுகுப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். பேஸ் ஸ்டேஷன் பெட்டிகளின் பின்புறம் உலோக விசிறி இதழ்களாக நீண்டிருப்பதன் காரணம் இதுதான். கைபேசியில் அந்த வசதியும் இல்லை. அதனால்தான் சூடு ஏறியதும் பல போன்கள் மில்லிமீட்டர் அலை எனப்படும் இந்த உயர் அதிர்வெண் அலையை விட்டுவிட்டுத் தாழ்ந்த அலைவரிசைக்குத் தாவிவிடும்.

இன்னொரு தொல்லை, பாடப்புத்தகங்களில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போவது. தனி ஆண்டெனா ஒன்றோடு வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயருக்குத் தன் எதிரே இருக்கும் சுமை எவ்வளவு என்று தெரியும். அதற்கேற்ப அதை வடிவமைக்கலாம். அரேயில் பக்கத்து ஆண்டெனாக்களின் அலை ஒவ்வோர் ஆண்டெனாவுக்குள்ளும் திரும்பி வருகிறது. கற்றையைத் திருப்பும்போது அந்த வருகையின் ஃபேஸ் மாறும். ஆம்ப்ளிஃபயர் காணும் சுமையும் மாறும். நேர் எதிரே பார்க்கும்போது நன்றாக இயங்கிய சுற்று, 50 டிகிரி சாய்ந்ததும் சைகையைச் சிதைக்கத் தொடங்கலாம். ராணுவ ரேடார்களில் இடையே, திரும்பி வரும் அலையை வேறு பக்கம் திருப்பிவிடும் சர்க்குலேட்டர் ஒன்றை வைத்து இதைத் தடுப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் சதுரத்தில் காந்தப் பொருளால் ஆன அந்த உறுப்புக்கு இடமே இல்லை. எனவே ஆம்ப்ளிஃபயரும் ஆண்டெனாவும் தனித்தனி மேசைகளில் வடிவமைக்கப்பட்டு கடைசியில் ஒட்டப்படும் காலம் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகக் கணினியில் ஓட்டிப் பார்க்காத வடிவமைப்பு, சிப் கைக்கு வந்த பிறகுதான் தன் குறையைக் காட்டும். அப்போது திருத்த மாதங்களும் பெரும் பணமும் ஆகும்.

ஃபேஸின் துல்லியம் பற்றி வெளியில் இருப்பவர்கள் அஞ்சும் அளவுக்கு அஞ்சத் தேவையில்லை. நான்கு பிட் ஃபேஸ் ஷிஃப்டர் 22.5 டிகிரி படிகளில்தான் நகரும். சராசரிப் பிழை ஆறரை டிகிரி. அதனால் கற்றையின் நடுவில் இழக்கும் சக்தி 0.1 டெசிபலுக்கும் குறைவு. ஒவ்வோர் ஆண்டெனாவும் தனக்குத் தோன்றியபடி சற்றே தவறினால் பெரும் கூட்டத்தில் அது கரைந்துவிடும். ஆனால் முதன்மைக் கற்றைக்கு அக்கம்பக்கத்தில் கசியும் ஓரக் கற்றைகள் வீங்குவதையும், குறிப்பிட்ட திசையில் சைகையை அறவே அடக்க முடியாமல் போவதையும் கூட்டத்தால் மறைக்க முடியாது; செயற்கைக்கோள் தொடர்பில் பக்கத்துக் கோளுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற விதி இருப்பதால் அங்கே இது தலைவலி. எல்லா ஆண்டெனாக்களும் சேர்ந்து ஒரே பக்கம் தவறினால் கற்றையே வேறிடம் பார்க்கும். வெப்பநிலை மாறும்போது சிப்புக்குச் சிப் ஃபேஸ் விலகுவது இந்த வகைப் பிழை. அதனால் ஒவ்வொரு சிப்பின் விலகலையும் அளந்து, திருத்த எண்களை அதன் நினைவகத்தில் எழுதி வைக்கிறார்கள்.

அளப்பதும் எளிதாக இல்லை. பழைய ரேடியோக்களில் ஒரு கேபிளைச் செருகி அளவுகருவியோடு இணைத்துவிடலாம். இங்கே ஆண்டெனா சிப்போடு ஒட்டிப் பிறந்தது. செருக எந்த இடமும் கிடையாது. அலையை உறிஞ்சும் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில் வைத்து, காற்று வழியாகத்தான் அளக்க வேண்டும். 64 ஆண்டெனாக்கள் கொண்ட பலகைக்கு அரை மீட்டரை ஒட்டிய தூரம் போதும். அரே பெரிதாகப் பெரிதாக அந்தத் தூரம் அதன் அளவின் வர்க்கமாக ஏறும். வளைந்த எதிரொளிப்பான் வைத்து அந்தத் தூரத்தைச் சுருக்கும் அறைகளும் உண்டு. தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மாட்யூல்கள் இறங்கும்போது, ஒவ்வொன்றையும் எத்தனை வினாடி சோதிக்கிறோம் என்பது நேராக விலையில் தெரியும்.

கற்றை கூர்மையாக இருப்பதன் விலை, ஆளைத் தேட வேண்டியிருப்பது. பேஸ் ஸ்டேஷன் தன் கற்றையை ஒவ்வொரு திசையாக வீசி, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளச் சைகையை அனுப்புகிறது. 5ஜி தரநிலைப்படி இந்த உயர் அலைவரிசைகளில் 64 திசைகள் வரை, அத்தனையும் ஐந்து மில்லிவினாடிக்குள். போன் தன் பங்குக்குத் தன் மாட்யூல்களின் கற்றைகளை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டு, எது நன்றாகக் கேட்டது என்று பதில் சொல்கிறது. கற்றை மாறும் இடைவெளியில் தரவு கெடக்கூடாது. 120 கிலோஹெர்ட்ஸ் துணை அலை இடைவெளியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் விடப்படும் காப்பு நேரம் 0.6 மைக்ரோவினாடிக்கும் சற்றுக் குறைவு. 64 ஆண்டெனாக்களின் ஃபேஸையும் வலிமையையும் அதற்குள் மாற்றி, சுற்றுகள் நிலைபெற்றும் ஆக வேண்டும். அத்தனை எண்களையும் அந்தந்த நேரத்தில் வெளியிலிருந்து அனுப்பக் கம்பி வேகம் போதாது. ஆகவே எல்லாக் கற்றைகளுக்குமான அட்டவணை முன்கூட்டியே சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வருவது "இத்தனையாவது வரிசை" என்ற ஒரே எண். கேட்கச் சின்ன ஏற்பாடுபோல இருக்கும். நடைமுறையில் மில்லிமீட்டர் அலை 5ஜி ஓடுவதும் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த அட்டவணை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கைபேசியில் தயக்கத்தோடு நின்ற இந்தத் தொழில்நுட்பம், கூரைகளில்தான் கோடிக்கணக்கான மக்களின் கண்ணில் பட்டது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கின் தட்டு ஒரு ஃபேஸ்டு அரே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றாண்டெனாக்கள் அதன் வெள்ளை முகத்துக்குப் பின்னால் இருக்கின்றன. செயற்கைக்கோள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சில நிமிடங்களில் பார்வையை விட்டுப் போய்விடும். தட்டு அசையாமல் கற்றையை மட்டும் திருப்பி அதைத் தொடர்ந்து, அடுத்த கோளுக்குத் தாவுகிறது. கீழே வரும் சைகை 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரை. 12 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 12.5 மில்லிமீட்டர், 28 கிகாஹெர்ட்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம். இன்றைய வழக்கமான தட்டு சராசரியாக 75 முதல் 100 வாட் மின்சாரம் கேட்கிறது என்பதும் அந்த ஆயிரம் சுற்றுகளின் சாட்சியம்தான். குளிர்நாடுகளில் அந்தச் சூடு பனியை உருக்க உதவுகிறது. இலங்கையில் 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. அங்கே மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்ட நினைப்பவர்கள் இந்த வாட் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு தகவல் போதும். ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் க்வின் ஷாட்வெல் 2021-இல் சொன்னபடி, தட்டு ஒன்றைத் தயாரிக்கத் தொடக்கத்தில் 3,000 டாலர் ஆனது, பின்பு 1,500-க்குக் கீழே இறங்கியது. அப்போது வாடிக்கையாளருக்கு விற்ற விலை 499 டாலர். ஒவ்வொரு தட்டிலும் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு, எண்ணிக்கையால் சிப் விலையை இறக்கும் துணிச்சல் இல்லாமல் இது நடந்திருக்காது. ரேடார் காலத்தில் அரசு மட்டுமே வாங்க முடிந்த பொருள் வீட்டுக் கூரைக்கு வந்தது சுற்றின் புதுமையால் மட்டுமென்று நான் நினைக்கவில்லை. ஒரே சிப்பை லட்சக்கணக்கில் அச்சடிக்கும் சிலிக்கான் ஆலைகளும், அதற்கான வாடிக்கையாளரை முன்கூட்டியே பிடித்ததும் சேர்ந்துதான் நடந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி. 2022 ஏலத்தில் ஜியோ 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் 1,000 மெகாஹெர்ட்ஸும், ஏர்டெல் 800 மெகாஹெர்ட்ஸும் வாங்கின. ஆனால் நம் போன்களில் ஓடும் வேகமான 5ஜி பெரும்பாலும் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான நடுத்தர அலைவரிசையில்தான். கோபுரங்களில் பழைய நீள ஆண்டெனாக்களோடு சேர்ந்து தொங்கும் தடித்த, குட்டையான பெட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். அவையும் அரேக்கள்தான், 64 அனுப்பும் பாதை, 64 பெறும் பாதை வரை கொண்டவை. அங்கே அரை அலைநீளம் நாலு சென்டிமீட்டருக்கு மேல். ஒவ்வொரு பாதைக்கும் தனி டிஜிட்டல் மாற்றி வைக்க இடமும் இருக்கிறது, சூடு தணிக்கப் பரப்பும் இருக்கிறது. எனவே ஒரே பெட்டி ஒரே நேரத்தில் பல பேருக்குப் பல கற்றைகளை டிஜிட்டலாகவே அனுப்புகிறது. பெரிய செல், சுவரையும் ஓரளவு கடக்கும் அலை, கைபேசியில் கூடுதல் செலவில்லை. இந்திய நிறுவனங்கள் மில்லிமீட்டர் அலையைக் கைபேசிக்குக் கொண்டுவரத் தயங்குவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. கேபிள் இழுக்க முடியாத வீடுகளுக்குக் கூரைக்குக் கூரை இணைப்பு தருவதற்கு 26 கிகாஹெர்ட்ஸ் நன்றாகப் பொருந்தும். அங்கே போனைப்போல ஆள் நகர்வதில்லை, கை மறைப்பதில்லை, சுவரில் பொருத்திய பெட்டிக்கு மின்சாரமும் தாராளம்.

அடுத்த போட்டி இந்த நடுத்தர அலைவரிசைக்கும் மில்லிமீட்டர் அலைக்கும் நடுவே உள்ள அதிர்வெண்களில் நடக்கிறது. எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்று உலக நாடுகள் கூடி முடிவு செய்யும் உலக வானொலித் தொடர்பு மாநாடு 2027-இல் கூடவிருக்கிறது; அதன் ஆய்வுப் பட்டியலில் 7.125 முதல் 8.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், 14.8 முதல் 15.35 வரையிலும் உள்ள அலைவரிசைகள் இருக்கின்றன. 7.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 20 மில்லிமீட்டர். ஒரு சதுரத்துக்கு 28 கிகாஹெர்ட்ஸைவிடப் பதினான்கு மடங்கு இடம். இப்போது கோபுரத்தில் இருக்கும் 64 பாதைப் பெட்டியின் அளவிலேயே நான்கு மடங்கு ஆண்டெனாக்களை வைக்கலாம். அத்தனைக்கும் முழு டிஜிட்டலாகப் போவதா, குழுவாகச் சேர்த்து அனலாக் ஃபேஸை மீண்டும் கொண்டுவருவதா என்பதைத்தான் வடிவமைப்புக் குழுக்கள் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. பழைய கோபுரங்களையே பயன்படுத்தும் எண்ணம் இருப்பதால், பெட்டியின் எடையும் அது இழுக்கும் மின்சாரமும் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாகக் கூடக்கூடாது என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் நிபந்தனை.